மார்கழி சீசன்: அகாடமி டிக்கெட் இல்லாமல் சென்னைக்கு வருவது வீணா?

கூடல்நகர்க்காரி | நவம்பர் 27, இரவு 9.12

மார்கழிக் கச்சேரிகள் கேட்க டிசம்பர் 26லிருந்து 30 வரை நானும் அம்மாவும் சென்னையில் இருப்போம். தங்கல் மயிலாப்பூரில். மியூசிக் அகாடமியில் விழா முழுவதற்குமான சீசன் டிக்கெட் இல்லாமல் போனால் பெரிய வித்வான் யாரையும் கேட்க முடியாது, வாசலில் பேனர் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான் என்று ஆபீசில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. ராகம் கண்டுபிடிக்கிற ஞானமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. பாட்டு பிடிக்கும், அவ்வளவுதான்.

கடைசி வரிசை | நவம்பர் 27, இரவு 10.05

அவர் சொல்வது ஒரே ஒரு சபாவுக்கு (கச்சேரி நடத்தும் அமைப்பு), அங்கேயும் மாலைக் கச்சேரிக்கு மட்டும் பொருந்தும். டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை நடக்கும் அகாடமி விழாவின் சீசன் டிக்கெட் கிட்டத்தட்டப் பரம்பரைச் சொத்து மாதிரி. புதிதாக ஒருவர் கையில் கிடைப்பது லேசில்லை. தினசரி டிக்கெட் வேறு கணக்கு. அதில் விலை குறைந்தது பால்கனி. உங்கள் அம்மாவுக்கு அது ஆகாது.

ஆனால் முன்னணிப் பாடகர் எவரும் அகாடமியோடு நிற்பதில்லை. அதே ஆள் அதே சீசனில் நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, பிரம்ம கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் என்று இன்னும் நாலைந்து மேடை ஏறுவார். பக்கவாத்தியம் மாறும், பாட்டுப் பட்டியல் மாறும், குரல் அதேதான். அதனால் "யார் பாடுகிறார்" என்று தொடங்காதீர்கள். எந்த மண்டபம், எத்தனை மணி என்பதில் தொடங்குங்கள். அது சரியாக அமைந்தால் பெயர் தானாக வந்து சேரும்.

மணிக்கணக்கு சபாவுக்கு சபா கால் மணி, அரை மணி முன்னே பின்னே இருக்கும். பொதுவில் பகல் 12 மணி வாக்கில் இளையவர்கள், 2 மணி வாக்கில் அடுத்த படியில் இருப்பவர்கள், 4 மணிக்கு மூத்தவர்கள், 6.30 அல்லது 7 மணிக்குக் கூட்டம் சேர்ப்பவர்கள். முதல் இரண்டுக்கும் பெரும்பாலான சபாக்களில் டிக்கெட்டே கிடையாது. நேராக உள்ளே போய் நடுவில் உட்காரலாம்.

கடைசி வரிசை | நவம்பர் 27, இரவு 10.31

2 மணிக் கச்சேரியைப் பற்றி இன்னும் கொஞ்சம். அந்த நேரத்தில் பாடுகிறவர் வரும் ஆண்டுகளில் 4 மணிப் பட்டியலுக்கு உயரக் காத்திருப்பவர். சபா கமிட்டி ஆட்கள் யாராவது கடைசியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். கையில் இருப்பது ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு மணி நேரம். தொடக்க உருப்படியான வர்ணம் முடித்து இரண்டு கீர்த்தனை, அதற்குள் முக்கிய ராகத்துக்கு வந்தாக வேண்டும். இழுப்பதற்கு இடமே இல்லை. தயாரிப்பு முழுசாக இருக்கும், குரலும் களைத்திருக்காது. மாலை நட்சத்திரம் அதற்குள் சீசனின் எத்தனையாவது கச்சேரியோ பாடிக்கொண்டிருப்பார். டிசம்பர் 28 வாக்கில் சிலருக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

தொப்பிரவை | நவம்பர் 28, காலை 6.50

2 மணிக் கச்சேரியில ஒரே ஒரு ஆபத்து. இலைச் சாப்பாடு முடிச்சுட்டு நேரா ஏசி ஹாலுக்குள்ள வர்ற மாமாக்கள். நாலாவது வரிசையிலேருந்து வர்ற குறட்டைக்கு சுருதி சேர்க்கிறது ரொம்பக் கஷ்டம்.

மாடவீதி | நவம்பர் 28, காலை 8.20

மயிலாப்பூர்ல தங்கறீங்கன்னா பாதி வேலை முடிஞ்சது. ரசிக ரஞ்சனி சபா சுந்தரேஸ்வரர் தெருவுல, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் முசிறி சுப்ரமணியம் சாலையில, ராகசுதா ஹால் லஸ் அவென்யூல, பாரதிய வித்யா பவன் கீழ மாடவீதியில. எல்லாமே கோயிலைச் சுத்தி. ஆட்டோவே வேண்டாம். பவன்ல சாயங்காலக் கச்சேரிக்கும் டிக்கெட் கிடையாது, முந்தினவங்களுக்கு சீட்டு.

ஒரு எச்சரிக்கை. லஸ் முனையில மெட்ரோ வேலைக்காக நடைபாதையெல்லாம் மாத்தி மாத்தி விட்டிருக்காங்க. மேப்புல அஞ்சு நிமிஷம்னு காட்டினா முழங்கால் வலிக்காரங்களுக்குப் பதினஞ்சு நிமிஷம்னு வச்சுக்கோங்க.

கடைசி வரிசை | நவம்பர் 28, காலை 9.02

பவன் யோசனை நல்லதுதான், ஆனால் இவருடைய தேதிக்கு ஒத்துவருமா பாருங்கள். பவன் விழா நவம்பர் கடைசியிலேயே களை கட்டிவிடும் ரகம். 26க்கு மேல் என்ன மிச்சம் என்பதை அச்சுப் பட்டியல் வந்தபின் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் உறுதியாக ஓடிக்கொண்டிருப்பவை அகாடமி, நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, தமிழ் இசைச் சங்கம்.

கூடல்நகர்க்காரி | நவம்பர் 28, மதியம் 1.40

நன்றி. ஒரு நாளைக்கு நாலு கச்சேரி கேட்கலாமா? அஞ்சு நாள்தானே இருக்கிறது.

கடைசி வரிசை | நவம்பர் 28, மதியம் 2.15

கேட்கலாம், காதுதான் கேட்காது. மூன்றாவது கச்சேரியில் எல்லா ஆலாபனையும் (சொல் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) ஒன்றுபோல ஒலிக்கும். அதற்குக் காரணமும் உண்டு. முக்கிய உருப்படிக்கு எல்லோரும் தோடி, கல்யாணி, காம்போதி, சங்கராபரணம், பைரவி, கரகரப்பிரியா என்ற ராகங்களின் சின்ன வட்டத்துக்குள்தான் சுற்றுவார்கள். ஒரே நாளில் இரண்டு தோடி கேட்டால் இரண்டாவது தோடி பாவம்.

பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் சாப்பாடு, கொஞ்சம் படுக்கை. அதுவும் இரண்டும் ஒரே சபாவில், அல்லது நடந்து போகிற தூரத்தில். ஒரு பாட்டு கேட்டுவிட்டு அடுத்த சபாவுக்கு ஓடுகிற பழக்கம் இந்த ஊரில் உண்டு. அகாடமி இருக்கிற டி.டி.கே. சாலையிலிருந்து, கிருஷ்ண கான சபா இருக்கிற தி.நகருக்கு மாலை 6 மணிக்குக் கிளம்பினால் முக்கால் மணி நேரம் தெருவில் போய்விடும். போய்ச் சேரும்போது ஆலாபனை முடிந்து வயலின்காரர் வாசித்துக்கொண்டிருப்பார்.

சலங்கை | நவம்பர் 28, இரவு 7.48

எல்லாரும் பாட்டையே பேசுகிறீர்கள். அகாடமியின் நாட்டிய விழா ஜனவரி 3ஆம் தேதி தொடங்கி ஒரு வாரம். அதை விட்டுவிட்டு 30ஆம் தேதியே ஊருக்குப் போவதா!

போயே ஆகவேண்டும் என்றால், டிசம்பர் கடைசி வாரத்தில் கிருஷ்ண கான சபாவில் நாட்டியக் கலா மாநாடு காலை நேரத்தில் நடக்கும். 1981லிருந்து நடப்பது. ஆடுகிறவர்களே வந்து எப்படி ஆடுகிறோம், ஏன் இப்படி அமைத்தோம் என்று பேசி, ஆடியும் காட்டுவார்கள். நடனம் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு மாலை நிகழ்ச்சியைவிட அது உதவும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் ஆண்டு விழாவும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான். அந்த அரங்கைக் கேரளக் கூத்தம்பலம் பாணியில் கட்டியிருக்கிறார்கள். கட்டடத்துக்காகவே ஒருமுறை போகலாம்.

நடனத்துக்கு முதல் வரிசை வேண்டவே வேண்டாம். மேடை உயரமாக இருந்தால் முதல் மூன்று வரிசையிலிருந்து பாதம் தெரியாது, முழங்காலுக்கு மேல்தான் தெரியும். பரதநாட்டியத்தில் பாதம் தெரியாமல் ஜதி (தாளச் சொற்கட்டுக்கு ஆடும் பகுதி) பார்த்து என்ன பயன்? ஏழாவது வரிசைக்குப் பின்னால், நடைபாதை ஓரம். நடனத்தின் பெரிய உருப்படியான வர்ணம் தொடங்கினால் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் போகும், நடுவில் எழுந்திருக்கக் கூடாது. எழ வேண்டுமானால் அதற்கு முன்னாலேயே எழுந்துவிடுங்கள்.

கடைசி வரிசை | நவம்பர் 28, இரவு 8.30

பாட்டுக்கும் இருக்கை முக்கியம்தான், ஆனால் காரணம் வேறு. மேடையின் இரண்டு ஓரத்திலும் பெரிய ஸ்பீக்கர் இருக்கும். முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டுமே காதில் அறையும். முன்வரிசை நடுவில் உட்கார்ந்தால் மிருதங்கம் நேரடியாகவும் குரல் ஸ்பீக்கர் வழியாகவும் வந்து ஒன்றோடொன்று ஒட்டாது. பால்கனிக்கு அடியில் போய்விட்டால் தம்புரா காணாமல் போகும், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி மட்டும் மொத்தென்று கேட்கும். எட்டிலிருந்து பன்னிரண்டாம் வரிசை வரை, நடு. கடைசி வரிசை என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். கடைசி வரிசை கதவுக்குப் பக்கம், அதனால்தான்.

பாடுகிறவருக்கு இடக்கைப் பக்கம் வயலின், வலக்கைப் பக்கம் மிருதங்கம். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்துத் திரும்பி உட்காரும்போது மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை நம் பக்கம் வரும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. இடக்கை வாத்தியக்காரர் வந்தால் மொத்த மேடையும் பக்கம் மாறிவிடும். விரல் வேலை பார்க்க ஆசையிருந்தால் மிருதங்கத்துக்கு நம் இடது பாதி, வயலினுக்கு வலது பாதி.

தொப்பிரவை | நவம்பர் 28, இரவு 10.55

முதல் பத்து நிமிஷம் சத்தத்தை வச்சு ஹாலை எடை போடாதீங்க. மேடையில ஒவ்வொருத்தர் முன்னாடியும் மானிட்டர் இருக்கும், தன் சத்தம் தனக்குக் கேக்கறதுக்கான ஸ்பீக்கர். பாடறவர் தன் குரல் கேக்கலைன்னு மேலே விரலைக் காட்டுவார். ஏத்துவாங்க. உடனே மிருதங்கக்காரருக்குத் தன் சத்தம் கேக்காது, அவரும் விரலைக் காட்டுவார். வயலின் சும்மா இருக்குமா? மூணு பேரும் ஏத்தி முடிச்சதும் வீல்னு ஒரு ஊளை வரும். அப்புறம்தான் மைக்செட்காரர் எல்லாத்தையும் இறக்குவார். இரண்டாவது பாட்டுல சரியாகிடும். ஆகலைன்னா அன்னிக்கு ஆகாது, எழுந்து போய் காபி சாப்பிடுங்க.

அப்புறம் பாட்டுக்குப் பாட்டு மிருதங்கத்தைத் தட்டிக்கிட்டே இருக்கறாரேன்னு கடுப்பாகாதீங்க. டிசம்பர்ல மழை ஈரம், உள்ளே ஏசி. ஈரத்துல தோல் தளரும், சுருதி இறங்கும். ஏசியில காய்ஞ்சு இறுகும், சுருதி ஏறும். வெளியில சேர்த்த சுருதி உள்ளே வந்து அரை மணியில நிக்காது. அதான் கல்லும் கட்டையும் வச்சு ஓரத்தைத் தட்டறது. இடப்பக்கத் தொப்பியில ரவையைப் பிசைஞ்சு ஒட்டியிருப்பாங்க, அதுவும் ஏசியில காய்ஞ்சுடும், தண்ணி தொட்டுத் தடவணும். கஞ்சிராவுக்கும் அதே தண்ணிதான், சுருதியை இறக்கறதுக்கு. கடக்காரர்தான் பாவம். மண் பானையைத் தட்டி ஏத்த முடியுமா? சுருதிக்கு ஒண்ணா நாலு பானை தூக்கிட்டு வருவார்.

கூடல்நகர்க்காரி | நவம்பர் 29, காலை 7.15

மதுரையிலிருந்து மானாமதுரை பக்கம்தான். கடம் செய்கிற ஊர் என்று தெரியும், இந்தக் கஷ்டம் தெரியாது. சரி, ஒன்றும் தெரியாதவர்கள் கச்சேரியில் எதைக் கவனிப்பது? பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் தொடையில் தட்டிக்கொண்டிருப்பார்களே.

கடைசி வரிசை | நவம்பர் 29, காலை 9.40

தொடையில் தட்டுகிறவர்களில் பாதிப் பேர் தப்பாகத்தான் தட்டுகிறார்கள். அவர்களைப் பார்க்காதீர்கள், பாடுகிறவர் கையைப் பாருங்கள்.

ஆதி தாளம் ஒன்று தெரிந்தால் கச்சேரியில் பாதிக்கு மேல் ஓடிவிடும். எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு ஒரு தட்டு, ஒரு திருப்பு (உள்ளங்கை மேலே), மறுபடி ஒரு தட்டு, ஒரு திருப்பு. அதை விடாமல் போட்டுக்கொண்டே இருங்கள். பாட்டின் முதல் சொல் எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள், அதுதான் எடுப்பு. பல பாட்டு முதல் தட்டிலேயே விழாது, கொஞ்சம் தள்ளித்தான் விழும். கல்பனாஸ்வரம் (அங்கேயே கற்பனையாகச் சுரம் பாடுவது) பாடும்போது எங்கெங்கோ அலைந்துவிட்டுச் சரியாக அந்த இடத்தில் வந்து உட்காருகிறாரா என்பதுதான் மொத்த விளையாட்டும். ராகப் பெயர் தெரியாமலே இதை ரசிக்கலாம். சபை "ஆகா" என்று கை தட்டுவது முக்காலும் அங்கேதான்.

கை எட்டில் சேரவில்லையா? "தகிட தகதிமி" என்று ஏழு போட்டுப் பாருங்கள், மிஸ்ர சாபு. "தக தகிட" என்று ஐந்து, கண்ட சாபு. இரண்டிலும் சேரவில்லை என்றால் கையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேளுங்கள்.

மாடவீதி | நவம்பர் 29, காலை 10.10

ராகம் தெரியணும்னா ஒண்ணே ஒண்ணு சொல்றேன். சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் மத்யமம், அதாவது 'ம' சுரம் மட்டும்தான் வித்தியாசம். முன்னதுல சுத்தம், பின்னதுல பிரதி. மத்ததெல்லாம் அதே சுரம்.

கடைசி வரிசை | நவம்பர் 29, காலை 10.22

அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? சுரம் பிரித்துக் கேட்கத் தெரிந்தவருக்கு உங்கள் குறிப்பே தேவையில்லை. பாட்டு முடிந்ததும் பக்கத்து இருக்கையில் கேட்டால் சொல்வார்கள். மூன்று பேரைக் கேட்டால் இரண்டு ராகம் வரும், அதுவும் ஒரு பொழுதுபோக்கு.

தொப்பிரவை | நவம்பர் 29, இரவு 11.20

தாள வாத்தியக்காரங்க மட்டும் வாசிக்கற தனி ஆவர்த்தனம் பத்தி யாரும் பேசமாட்டீங்களா? அது ஆரம்பிச்சா பாதி ஹால் கேண்டீனுக்குக் கிளம்பறது இந்த ஊரோட தீராத வியாதி. போறதா முடிவு பண்ணிட்டா, எப்ப திரும்பணும்னாவது தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

இரண்டரை மணி நேரக் கச்சேரியில ஒன்றரை மணி நேரம் தாண்டினதும் வரும். பத்திலேருந்து இருபது நிமிஷம். முதல்ல மிருதங்கம் தனியா, அப்புறம் கடமோ கஞ்சிராவோ தனியா. நடை மாத்துவாங்க, நாலு நாலா ஓடிட்டிருந்தது திஸ்ரமாவோ (மூணு மூணா) கண்டமாவோ (அஞ்சு அஞ்சா) திரும்பும். அடுத்தது குறைப்பு. இவர் இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தோட முழுச் சுத்து), அவர் இரண்டு. அப்புறம் ஆளுக்கு ஒண்ணு, ஆளுக்கு அரை, கால்னு குறைஞ்சுட்டே வந்து கடைசியில இரண்டு பேரும் சேர்ந்து வாசிப்பாங்க. சேர்ந்துட்டாங்கன்னா முடிவுக்கு முன்னாடி வர்ற மோரா வருதுன்னு அர்த்தம். மோரா முடிஞ்சதும் கோர்வை, ஒரே கணக்கு மூணு தடவை. மூணாவது முடியற இடத்துல பாடறவர் எடுப்பைப் பிடிப்பார். வெளியில காபி டம்ளரோட நிக்கறவங்க குறைப்பு கேட்டதும் டம்ளரை வச்சுட்டு நடக்கணும். மோராவுல கதவைத் திறந்தா கோர்வைக்கு உட்கார்ந்துடலாம்.

இதெல்லாம் தெரிஞ்சப்புறம் வெளியில போக மனசு வராது. அதுக்காகத்தான் சொல்றேன்.

சலங்கை | நவம்பர் 30, காலை 8.05

கேண்டீன் பேச்சு வந்துவிட்டதே, அதையும் முடித்துவிடுங்கள்.

மாடவீதி | நவம்பர் 30, காலை 9.30

கேண்டீனுக்குக் கச்சேரி டிக்கெட் வேண்டாம், யார் வேணா போய்ச் சாப்பிடலாம். கச்சேரியே கேக்காம கேண்டீன் சீசன் மட்டும் நடத்தறவங்க நிறைய. மத்தியானம் இலைச் சாப்பாடு, நாலு மணி வாக்குலேருந்து டிபன். வாழைப்பூ வடை, கீரை வடை, அடை அவியல், ரவா தோசை, காசி அல்வா. அக்காரவடிசல் தினமும் இருக்காது, போர்டைப் பாருங்க.

சபா பேரை வச்சு சாப்பாட்டை முடிவு பண்ணாதீங்க. சமையல் காண்டிராக்ட் வருஷத்துக்கு வருஷம் கை மாறும். போன வருஷம் ஓகோன்னு இருந்த இடத்துல இந்த வருஷம் வேற ஆள் இருப்பார். வாசல்ல துணி பேனர்ல யார் சமையல்னு போட்டிருக்கும்.

நேரம்தான் முக்கியம். 4 மணிக் கச்சேரி முடியற 6.30க்குப் போனா மொத்த சபையும் டோக்கன் வரிசையில நிக்கும். 5.15க்குள்ள போயிடுங்க, இல்லைன்னா 7 மணிக் கச்சேரி தொடங்கினப்புறம். இலைச் சாப்பாட்டுக்கு ஞாயித்துக்கிழமை போகவே போகாதீங்க. அம்மாவை முதல்ல நாற்காலியில உட்கார வச்சுட்டு நீங்க டோக்கனுக்கு நில்லுங்க. சில இடத்துல பெஞ்சுதான், சாய்மானம் கிடையாது.

கூடல்நகர்க்காரி | டிசம்பர் 3, இரவு 8.50

புயல் வருமா என்று அம்மா தினமும் கேட்கிறார்கள். குளிருமா? ஸ்வெட்டர் எடுக்க வேண்டுமா?

கடைசி வரிசை | டிசம்பர் 3, இரவு 9.35

சென்னைக் குளிர் விடியற்காலையில் 20, 21 டிகிரி. ஸ்வெட்டர் தெருவில் தேவைப்படாது, ஹாலுக்குள் தேவைப்படும். பெரியவர்களுக்கு ஒரு சால்வை, காலுக்கு சாக்ஸ். ஏசிக் காற்று இறங்கும் இடத்துக்கு நேர்கீழே உட்கார வைக்காதீர்கள், முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

மழைக்குக் குடை. பெரிய மழையெல்லாம் பொதுவாக டிசம்பர் முதல் பாதியோடு போய்விடும்: 2015 வெள்ளம் முதல் வாரம், 2016 வர்தா 12ஆம் தேதி, 2023 மிக்ஜாம் 4ஆம் தேதி வாக்கில். அதை நம்பி குடையை விட்டுவிடாதீர்கள். 2021 டிசம்பர் 30 அன்று மதியம் யாரும் எதிர்பாராமல் கொட்டியதில் சாலைகள் எல்லாம் குளமாகிவிட்டன. அப்படி ஒரு நாள் அமைந்தால் நடந்து போகிற சபாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்டோவும் வராது, வந்தாலும் கேட்கிற காசுக்கு இரண்டு டிக்கெட் வாங்கலாம்.

பறக்கும்ரயில் | டிசம்பர் 4, காலை 7.25

தமிழ் இசைச் சங்கம் பெயரை மேலே ஒருவர் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிட்டார். கேட்டவர் ராகம் தெரியாது, பாட்டு பிடிக்கும் என்கிறார். அவருக்கு முதலில் காட்ட வேண்டியது அதைத்தானே! பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம். தெலுங்கும் சமஸ்கிருதமுமே மேடையை நிறைத்திருந்த காலத்தில், தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று 1943இல் தொடங்கிய சங்கம் அது. பாட்டெல்லாம் தமிழ், தேவாரமும் உண்டு. தேவாரப் பண்களை வைத்துப் பண் ஆராய்ச்சிக் கூட்டமும் நடத்துகிறார்கள். சொல் புரிந்தால் நிரவலில் ஒரே வரியை ஏன் திருப்பித் திருப்பிப் பாடுகிறார் என்பதும் புரியும்.

போவதும் சுலபம். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கினால் கிட்டத்தில். நிலையங்களில் லிப்ட் இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து மெட்ரோவுக்கு வர மட்டும் ஏ.ஜி.-டி.எம்.எஸ். நிலையம் வரை ஆட்டோ பிடியுங்கள். திரும்பும்போது கடைசி ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வரிசை | டிசம்பர் 4, காலை 8.40

ஒப்புக்கொள்கிறேன், 2 மணிக் கச்சேரிக்கு முன்னால் இதைச் சொல்லியிருக்கலாம். முதல் நாளை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் எழுதிய தியாகராஜரும் சமஸ்கிருதத்தில் எழுதிய தீட்சிதரும் இரண்டாம் நாள் காத்திருப்பார்கள்.

நடைபாதைக்காரன் | டிசம்பர் 6, இரவு 10.15

இழை முழுக்க ஒரே ஒரு இசைதான் ஓடுது. டிசம்பர்னா சபா மட்டும்தானா? நீலம் பண்பாட்டு மையம் 2020லிருந்து "மார்கழியில் மக்களிசை" நடத்துது. கானா, ஒப்பாரி, பறை, நாட்டுப்புறப் பாட்டு, ராப். அதுவும் இதே டிசம்பர்ல. இந்த இழையில ஒருத்தருக்குக் கூட ஞாபகம் வரலை.

தொப்பிரவை | டிசம்பர் 6, இரவு 10.40

வரணும்தான். நான் போட்ட கணக்கெல்லாம் அங்கேயும் உண்டு. பறையில நடை மாத்தறப்ப கவனிச்சுப் பாருங்க, யாரும் வெளியில காபிக்குப் போகமாட்டாங்க.

நடைபாதைக்காரன் | டிசம்பர் 6, இரவு 11.05

அதுக்கே ஒரு லைக். கேட்டவங்களுக்கு: இடம், தேதி ரெண்டும் வருஷா வருஷம் மாறும், அறிவிப்பு வந்ததும் பாருங்க. சத்தம் சபா மாதிரி இருக்காது, நெஞ்சுல இடிக்கும். அம்மாவுக்குக் காதுல பஞ்சு, மேடையிலேருந்து தள்ளி உட்காருங்க. கூட்டம் எழுந்து ஆடும், முன்னால உட்கார்ந்தா ஒண்ணும் தெரியாது.

ஜனவரியில இன்னொரு தடவை வர முடிஞ்சா பொங்கலை ஒட்டி "சென்னை சங்கமம்". 2007ல ஆரம்பிச்சு, நடுவுல நின்னு, 2023ல மறுபடி வந்தது. பூங்கா, மைதானம்னு ஊர் முழுக்கக் கரகம், ஒயில், தெருக்கூத்து. எல்லாம் இலவசம்.

சலங்கை | டிசம்பர் 7, காலை 9.15

ஜனவரி என்றால் புத்தகக் காட்சியும் அப்போதுதான், நந்தனத்தில். மயிலாப்பூர் திருவிழாவும் ஜனவரியில். வடக்கு மாடவீதியிலேயே கோலப் போட்டி. சுருக்கமாகச் சொன்னால் நீங்கள் வரும் தேதி தப்பு.

கூடல்நகர்க்காரி | டிசம்பர் 7, மதியம் 12.30

தேதியை மாற்ற முடியாது மேடம், ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. காலை வேளையில் ஏதாவது உண்டா? அம்மா நாலரைக்கே எழுந்துவிடுவார்கள்.

மாடவீதி | டிசம்பர் 7, மதியம் 1.10

அப்ப உங்களுக்குத்தான் மயிலாப்பூர். மார்கழி முழுக்க விடியற்காலையில மாடவீதியைச் சுத்தி பஜனை கோஷ்டி வரும். பாபநாசம் சிவன் நடத்தின வழக்கம். ஆறு மணிக்குள்ள போயிடணும், வெயில் வந்தா வண்டிகள் வந்துடும். கோஷ்டியோட நாலு வீதியும் நடக்க வேண்டாம். அம்மாவை வடக்கு மாடவீதியில ஒரு திண்ணையோ கடைப் படியோ பார்த்து உட்கார வச்சா அவங்க முன்னாடியே வரும். வாசல்ல கோலம், சில வீட்ல இன்னும் பூசணிப் பூ. கபாலி கோயில்ல திருவெம்பாவை, திருப்பள்ளியெழுச்சி. பிரசாதம் வெண்பொங்கல் கையில சுடச்சுட விழும், தொன்னையை இரண்டு கையால பிடிங்க.

பட்டியலோட பஞ்சாங்கத்தையும் பாருங்க. வைகுண்ட ஏகாதசி உங்க தேதியில வந்தா அன்னிக்குத் திருவல்லிக்கேணிப் பக்கமே தலை வைக்காதீங்க. முந்தின ராத்திரியிலேருந்தே வரிசை நிக்கும், தெருவெல்லாம் தடுப்பு.

கடைசி வரிசை | டிசம்பர் 7, மாலை 4.45

பஜனை முடிந்து காபி குடித்துவிட்டு அகாடமிக்குப் போகலாம். காலை எட்டு மணி வாக்கில் அங்கே சொற்பொழிவும் செயல்விளக்கமும் நடக்கும், டிக்கெட் கிடையாது. ஆபீஸ்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: டிக்கெட் இல்லாமலே அகாடமிக்குள் உட்காரலாம். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்த்து நடந்த இசை மாநாட்டிலிருந்து 1928இல் பிறந்த அமைப்பு அது. பேச்சும் விவாதமும் அதற்குப் புதிதில்லை. சில நாள் தலைப்பு கடினமாக இருக்கும், தூங்கினாலும் குற்றமில்லை.

கூடல்நகர்க்காரி | டிசம்பர் 19, இரவு 9.05

பட்டியல் பார்த்துவிட்டேன். 26 தமிழ் இசைச் சங்கம், 27 காலை பஜனை, பகலில் ரசிக ரஞ்சனி, 28 நாரத கான சபா மாலைக் கச்சேரிக்குத் தரைத்தள டிக்கெட் இரண்டு, 29 காலை நாட்டிய மாநாடு. 30 அன்று ஒன்றும் வைக்கவில்லை. பட்டுப் புடவை கட்டாயமா?

சலங்கை | டிசம்பர் 19, இரவு 9.20

கட்டினால் அழகு. ஆனால் சரசரக்காத பட்டாகக் கட்டுங்கள், ஆலாபனை நடுவில் முந்தானையைச் சரி செய்தால் மூன்று வரிசை திரும்பிப் பார்க்கும். கண்ணாடி வளையலும் அதே கதி.

கடைசி வரிசை | டிசம்பர் 19, இரவு 9.50

28ஆம் தேதி திட்டத்துக்கு மட்டும் இரண்டு குறிப்பு. டிக்கெட்டில் வரிசை எண் பார்த்து, நடைபாதை ஓர இருக்கைக்கு மாற்ற முடியுமா என்று கவுன்ட்டரில் முன்பே கேளுங்கள். கால் நீட்ட அம்மாவுக்கு அது வேண்டும். இரண்டாவது, எழுந்து வருவதானால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வாருங்கள், மங்களம் பாடும்போது வேண்டாம். பெரிய உருப்படி முடிந்து துக்கடா எனப்படும் சின்னப் பாட்டுகள் தொடங்குகிற சமயம் கிளம்பினால் ஆட்டோ கிடைக்கும். மங்களம் வரை இருந்தால் மொத்த சபையும் வாசலில் ஆட்டோ கூப்பிட ஒரே செயலியைத் தட்டிக்கொண்டு நிற்கும். அரை மணி உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள்.

தொப்பிரவை | டிசம்பர் 19, இரவு 11.30

30ஐ ஏன் காலியா விட்டீங்க? பட்டியல்ல எங்கேயாவது நாதஸ்வரம்னு போட்டிருந்தா அங்கே போங்க. கூட்டம் இருக்காது, டிக்கெட் இருக்காது. தவில் இருக்கறதால முதல் பத்து வரிசை மட்டும் வேண்டாம்.